கேமரா மெமரி கார்டு: கேட்டு விற்போம், சோதித்து விற்போம்



தென்மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊர். அங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபது ஆண்டுகளுக்கு மேலாக எலக்ட்ரானிக்ஸ் கடை நடத்தி வருகிறார் நமது உறுப்பினர் ஒருவர். வாட்ச் பேட்டரியிலிருந்து டி.வி. வரை எல்லாம் கிடைக்கும் கடை. கடந்த முகூர்த்தக் காலத்தில் ஒரு நாள் காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர், புதிதாகக் கேமரா வாங்கியிருந்த கல்லூரி மாணவர். மற்றவர் அவருடைய பெரியப்பா. நான்கு நாளுக்கு முன் மகளைக் கட்டிக்கொடுத்தவர்.

அந்த மாணவர் நம் உறுப்பினர் கடையில் 128 ஜி.பி. மெமரி கார்டு ஒன்று வாங்கியிருந்தார். வீட்டுப் பிள்ளை புதுக் கேமரா வைத்திருக்கிறானே என்று கல்யாணப் படம் எடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டிருந்தார்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். இரண்டையும் படமும் வீடியோவுமாக எடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வரவேற்புப் படங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. முகூர்த்தப் படங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன; ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"எடுக்கும்போது கேமராவில் படம் தெரிஞ்சுது அண்ணாச்சி, அதனால சந்தேகமே வரலை" என்றார் மாணவர். நம் உறுப்பினர் ஒரு வார்த்தை பேசாமல் கல்லாவைத் திறந்து கார்டின் விலையை எடுத்து நீட்டினார். பெண்ணின் தகப்பனார் அதை வாங்கவில்லை. "காசு கிடக்கட்டும் அண்ணாச்சி. தாலி கட்டின படம் ஒண்ணாவது வேணும். அதுக்கு என்ன வழி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. நம் கூட்டத்தில் இதை அவரே எழுந்து சொன்னார். சொன்னதோடு, "இதைப் பத்திரிகையில் எழுதுங்கள், என் பெயரைப் போட்டாலும் சரி" என்றும் கேட்டுக்கொண்டார். பெயர் வேண்டாம் என்று நாம்தான் முடிவு செய்தோம். ஆனால் விஷயம் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிய வேண்டியது. ஆகவே, முதன்முதலாகக் கேமரா வாங்கியவர் ஒருவர் நம் கடைக்கு வந்து "ஒரு கார்டு கொடுங்கள்" என்று கேட்டால் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக்கூடாது, நாம் கொள்முதல் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகத் தருகிறோம்.

ஃபிலிம் ரோல் விற்ற அனுபவம்

ஃபோட்டோ சாமான்கள் விற்ற மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் வாடிக்கையாளர் ரோல் கேட்டால் நாம் சும்மா எடுத்து நீட்டிவிட மாட்டோம். "வெளியிலா, உள்ளேயா? பகலா, ராத்திரியா?" என்று கேட்போம். பகல் வெளிச்சத்துக்கு 100 ஏ.எஸ்.ஏ., மண்டபத்துக்குள் 400 ஏ.எஸ்.ஏ. என்று பார்த்துக் கொடுப்போம். பெட்டியில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று வாங்குபவரும் பார்ப்பார், நாமும் பார்ப்போம்.

இன்று அந்த ரோல் இருந்த இடத்தில் மெமரி கார்டு இருக்கிறது. ரோலில் 36 படம் என்றால் இதில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் கேட்டுக் கொடுக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் போய்விட்டது. "எத்தனை ஜி.பி.?" என்ற ஒரே கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஃபிலிமுக்குக் கேட்டது போலவே இதற்கும் மூன்று கேள்விகள் உண்டு. என்ன கேமரா? என்ன எடுக்கப் போகிறீர்கள்? படமா, வீடியோவா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சரியான கார்டு தானாகவே கையில் வந்துவிடும்.

செல்போன் வந்த பிறகு கேமரா யார் வாங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய ஜப்பானிய நிறுவனங்கள், 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவாகவே அனுப்பின என்பது உண்மைதான். ஆனால் இன்று கேமரா வாங்குபவர் விருப்பத்தோடு வாங்குகிறார். யூடியூப்பில் வீடியோ போடுபவர், ஊர்த் திருவிழா, காதுகுத்து என்று படம் எடுத்துத் தொழில் தொடங்கும் இளைஞர், பீரோவில் கிடந்த பழைய சிறு கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலவகையினர் வருகிறார்கள். எல்லோருக்கும் கார்டு வேண்டும்.

முதல் கேள்வி: என்ன கேமரா?

கார்டுகளில் பல வடிவங்கள் வந்து போயிருக்கின்றன. 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கொண்டு வந்தது. சோனி 1998இல் மெமரி ஸ்டிக் கொண்டு வந்தது. ஒலிம்பஸ், ஃபியூஜி நிறுவனங்கள் 2002இல் எக்ஸ்.டி. கார்டு என்று ஒன்றைக் கொண்டு வந்தன. 1999இல் பேனசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்.டி. கார்டுதான் கடைசியில் நிலைத்து நின்றது. 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், ஓரத்தில் சிறு பூட்டு, அதுதான் எஸ்.டி. கார்டு. இன்று புதிதாகக் கேமரா வாங்கும் நூறு பேரில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருந்தும். கேனான் 1500டி, நிக்கான் இசட்30 போன்ற தொடக்கநிலைக் கேமராக்கள் எல்லாம் எஸ்.டி. கார்டு போடுபவையே.

செல்போனில் போடும் மைக்ரோ எஸ்.டி. கார்டு 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம் கொண்டது. டிரோன், ஹெல்மெட்டில் மாட்டும் சிறு கேமரா, காரில் பொருத்தும் கேமரா ஆகியவை இதைத்தான் கேட்கும். அடாப்டர் போட்டு இதையே பெரிய கேமராவிலும் பயன்படுத்தலாம் என்றாலும், நாம் அப்படிக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அடாப்டர் என்பது இடையில் இன்னொரு இணைப்பு. பழுது வர இன்னொரு இடம். கேமராவுக்கு முழு அளவு எஸ்.டி. கார்டே கொடுக்க வேண்டும்.

விலை உயர்ந்த தொழில்முறைக் கேமராக்கள் சிலவற்றுக்கு சி.எஃப். எக்ஸ்பிரஸ் என்ற கார்டு வேண்டும். அதிலும் ஏ, பி என்று இரண்டு அளவுகள் கேமரா சந்தையில் உள்ளன; ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. இவற்றைக் கேட்டு வருபவர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவராக இருப்பார். கேமராவின் மாடல் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம். முன்கூட்டியே சரக்கு வாங்கி வைத்துப் பணத்தை முடக்க வேண்டாம்.

பழைய கேமராவுக்குப் புதிய கார்டு போட்டால்

இங்கேதான் நம் கடைகளில் அதிகமாகத் தவறு நடக்கிறது. எஸ்.டி. கார்டுகள் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே தலைமுறை வேறு.

முதலில் வந்த எஸ்.டி. கார்டு 2 ஜி.பி. வரை. 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. என்பது 2 ஜி.பி.க்கு மேல் 32 ஜி.பி. வரை. 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. என்பது 32 ஜி.பி.க்கு மேல் 2 டி.பி. வரை. அதற்கு மேலும் 2018இல் ஒரு தலைமுறை அறிவிக்கப்பட்டுள்ளது. தொடக்கநிலை வாடிக்கையாளருக்கு அது தேவைப்படாது.

புதிய கேமரா பழைய கார்டை ஏற்றுக்கொள்ளும். பழைய கேமரா புதிய கார்டை ஏற்காது. 2005இல் வாங்கிய கேமராவில் 64 ஜி.பி. கார்டைப் போட்டால் "கார்டு எரர்" என்றுதான் வரும். வாடிக்கையாளர் கார்டு பழுது என்று நினைத்துத் திரும்பக் கொண்டு வருவார். கார்டில் பழுதே இருக்காது. நாமோ அவரோடு வாக்குவாதம் செய்வோம், அல்லது காரணம் தெரியாமலே மாற்றிக் கொடுத்துவிட்டு நல்ல கார்டைப் பழுது என்று ஒதுக்கி வைப்போம்.

ஆகவே பழைய கேமராவோடு வருபவரிடம் கேமராவை வாங்கி, கார்டு போடும் மூடியைத் திறந்து, அருகில் அச்சிட்டிருக்கும் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். எஸ்.டி. என்று மட்டும் இருந்தால் 2 ஜி.பி.; எஸ்.டி.எச்.சி. என்றால் 32 ஜி.பி. வரை, எஸ்.டி.எக்ஸ்.சி. என்றால் 64 ஜி.பி., 128 ஜி.பி. கார்டுகளும் கொடுக்கலாம். அடையாளம் இல்லையென்றால் கேமராவுடன் வந்த கையேட்டைப் பார்க்கச் சொல்லலாம். முடிந்தால் கடையிலேயே கார்டைப் போட்டு, நான்கு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு கொள்ளளவு?

"இருப்பதிலேயே பெரியதாகக் கொடுங்கள்" என்று கேட்பவர் பலர். கணக்குப் பார்த்தால் அவ்வளவு தேவையிருக்காது.

24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்தில் எடுக்கும் ஜேபெக் படம் ஒன்று ஏறக்குறைய 10 எம்.பி. வரும். அப்படியானால் 64 ஜி.பி. கார்டில் 6,000 படங்கள் வரை எடுக்கலாம். தொழில் செய்பவர்கள் விரும்பும் 'ரா' வகைப் படம் ஒன்று 30 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2,000 படங்கள். வீடியோதான் இடத்தை விழுங்கும். வினாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும்.

எனவே படம் மட்டும் எடுப்பவருக்கு 32 அல்லது 64 ஜி.பி. போதும். வீடியோ எடுப்பவருக்கு 128 ஜி.பி. சொல்லலாம். விசேஷ வீடுகளுக்கு எடுக்கப் போகிறேன் என்பவருக்கு ஒரே 128 ஜி.பி. கார்டைவிட இரண்டு 64 ஜி.பி. கார்டுகளைச் சொல்வதே சரி. தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் ஒரு கார்டுக்குத்தான் இடம் உண்டு. வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று மாற்றிப் போட்டால், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்தால் என்ன ஆகும் என்பது முட்டை வியாபாரம் செய்யும் நம் நண்பர்களுக்குத் தெரியும். இரண்டு கார்டு விற்பதால் நமக்கும் வியாபாரம், வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு வேகம்?

கார்டின் முகப்பில் எண்களும் எழுத்துகளும் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். இவற்றில் எது முக்கியம்?

பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 100, 170, 200 எம்.பி. என்பவை பெரும்பாலும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கும் வேகம். அதுவும் "வரை" என்ற சொல்லோடு வருவது. சில நிறுவனங்களின் கார்டுகளில் அந்த வேகம் அவர்களுடைய தனிக் கார்டு ரீடரில் போட்டால்தான் கிடைக்கும். கேமராவுக்கு முக்கியமானது எழுதும் வேகம். வீடியோ ஓடும்போது கார்டு இடைவிடாமல் எழுத வேண்டும். எழுத முடியாமல் பின்தங்கினால் கேமரா பதிவை நிறுத்திவிடும்.

அந்த எழுதும் வேகத்துக்கு உறுதி தரும் அடையாளங்கள் சிறிய எழுத்தில் இருக்கும். வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. ஆங்கில யு எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10 எம்.பி.; யு எழுத்துக்குள் 3 என்றால் 30 எம்.பி. வி30 என்றாலும் 30 எம்.பி.; வி60, வி90 என்றால் முறையே 60, 90 எம்.பி. மேலே சொன்ன 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு வினாடிக்கு 12.5 எம்.பி. எழுதினால் போதும். எனவே யு3 அல்லது வி30 அடையாளமுள்ள கார்டு, புதிதாகத் தொடங்கும் எவருக்கும் தாராளமாகப் போதும். படம் மட்டும் எடுப்பவருக்கு வட்டத்துக்குள் 10 என்ற கார்டே போதுமானது. ஏ1, ஏ2 என்ற அடையாளங்கள் செல்போன் செயலிகளுக்கானவை. கேமராவுக்கு அதனால் பயனில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்டைத் திருப்பிப் பார்த்தால் பொன்நிறத் தொடுமுனைகள் ஒரு வரிசையாக இருக்கும். சில கார்டுகளில் இரண்டு வரிசை இருக்கும். இவை யு.எச்.எஸ்.-2 எனப்படுபவை, விலை பல மடங்கு அதிகம். கேமராவிலும் அந்த வசதி இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். இல்லாத கேமராவில் போட்டால் வேலை செய்யும், ஆனால் சாதாரணக் கார்டின் வேகம்தான். மேலே சொன்ன 1500டி, இசட்30 இரண்டிலும் அந்த வசதி இல்லை. அவற்றை வைத்திருப்பவருக்கு இரண்டு வரிசைக் கார்டை விற்றால் அன்றைக்கு லாபம்தான். ஆனால் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் அவருக்கு உண்மையைச் சொல்லும் நாள் வரும். அன்றிலிருந்து அவர் நம் கடைப் படி ஏற மாட்டார்.

"64 போட்டிருக்கு, 59தான் காட்டுது"

இந்தப் புகாரைக் கேட்காத கடைக்காரர் இருக்க முடியாது. கார்டு செய்பவர்கள் ஒரு ஜி.பி. என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரோ 1,024 என்ற அளவில் பெருக்கி, ஏறக்குறைய 107 கோடியே 37 லட்சம் பைட்டை ஒரு ஜி.பி. என்று காட்டுகிறது. 6,400 கோடி பைட்டை 107.37 கோடியால் வகுத்தால் 59.6 வரும். 32 ஜி.பி. கார்டு 29.8 என்றும், 128 ஜி.பி. கார்டு 119.2 என்றும் தெரியும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இதில் மோசடி எதுவும் இல்லை. துணிக்கடையில் கஜத்துக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் போன்றதுதான். இதை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டி வைத்தால் தினமும் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

போலிக் கார்டு எப்படி ஏமாற்றுகிறது?

இனி நம் உறுப்பினருக்கு நேர்ந்த விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு கார்டுக்குள்ளும் நினைவகச் சில்லோடு, "என் கொள்ளளவு இவ்வளவு" என்று கேமராவுக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுச் சில் ஒன்றும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் 16 ஜி.பி. கார்டு ஒன்றை எடுத்து, கட்டுப்பாட்டுச் சில்லை 128 ஜி.பி. என்று பொய் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். மேலே புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை அச்சிட்டு ஒட்டுகிறார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் 128 என்றே காட்டும். முதல் 16 ஜி.பி. வரை படங்கள் ஒழுங்காகப் பதியும். அதற்குப் பிறகு வருபவை போக இடமில்லாமல் தொலைந்துபோகும், அல்லது முன்பு பதிந்தவற்றின் மேலேயே எழுதி அவற்றையும் கெடுக்கும். படங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் முழுமையாக இருக்கும்.

எடுத்தவுடன் கேமராத் திரையில் படம் தெரிந்ததே என்றால், அது கேமரா தன் சொந்தத் தற்காலிக நினைவிலிருந்து காட்டும் படம். கார்டில் பதிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சியாகாது. அந்த மாணவர் மேல் தவறு ஒன்றும் இல்லை. 128 ஜி.பி. வாங்கியவர் 16 ஜி.பி. தாண்டுவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் விற்றவன் ஊரைவிட்டே போயிருப்பான். முகவரியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான்.

நம் உறுப்பினருக்கு அந்தச் சரக்கு எப்படி வந்தது? வழக்கமான மொத்த வியாபாரியிடம் 128 ஜி.பி. கார்டு தீர்ந்திருந்த சமயம். பையோடு கடைக்கு வந்த ஒருவர், வழக்கமான கொள்முதல் விலையில் பாதிக்குச் சற்று மேலாகச் சொல்லியிருக்கிறார். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் விலை ஏறும்" என்று பதில். முகூர்த்தக் காலம், கேட்டு வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. இருபது கார்டு வாங்கிவிட்டார்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

கார்டைக் கண்ணால் பார்த்து மட்டும் போலியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். அச்சு மங்கல், எழுத்துப் பிழை, மட்டமான அட்டை இவையெல்லாம் இருந்தால் போலி என்று சொல்லலாம். இல்லையென்றால் அசல் என்று சொல்ல முடியாது. நிச்சயமான வழி, கார்டை முழுவதுமாக எழுதிப் படித்துப் பார்ப்பதுதான்.

இதற்கு விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்கு எஃப்3 என்ற இலவச மென்பொருள் உண்டு. இவை கார்டு சொல்லும் கொள்ளளவு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துச் சரிபார்க்கும். வினாடிக்கு 20 எம்.பி. எழுதும் கார்டு என்றால் 64 ஜி.பி. எழுத ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஆகும். கடை வேலை நடக்கும்போதே ஒரு ஓரத்தில் ஓடட்டும். புதிதாக வரும் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றிரண்டைப் பிரித்து இப்படிச் சோதிப்பது நல்லது. பிரித்த கார்டைக் கடை உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது சோதித்தது என்று சொல்லியே விற்கலாம்.

அடுத்தது பில். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு மட்டுமே வாங்க வேண்டும். பில் இல்லாத சரக்குக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. கெட்ட சரக்கைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. விலை குறைவு என்று நாம் நினைக்கும் தொகையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது.

சட்டத்தையும் மனதில் கொள்ள வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கின் உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தை வாங்கவே கூடாது. இன்னொரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைப் பொய்யாக ஒட்டிய சரக்கை விற்பது தண்டனைக்குரிய குற்றம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் ஏற்படும் பாதிப்புக்கு விற்பவரையும் சில நிலைகளில் பொறுப்பாக்குகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றவர் அதில் முதலில் மாட்டிக்கொள்வார். பையில் கொண்டு வந்தவர் எழுதிக் கொடுக்காத பில்லின் விலை இதுதான்.

கார்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

புதிதாக வாங்குபவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும். பாதிப் புகார்கள் வராமலே போய்விடும்.

கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவிலேயே முதலில் 'ஃபார்மட்' செய்யச் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டரில் வேண்டாம். முக்கியமான விசேஷத்துக்கு முன், படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு மறுபடி அப்படியே செய்வது நல்ல பழக்கம்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கார்டையோ பேட்டரியையோ கழற்றக்கூடாது. அப்போது கார்டில் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"படம் எடுக்க மாட்டேன் என்கிறது" என்று யாராவது வந்தால், கார்டின் இடது ஓரத்தில் உள்ள சிறு பூட்டை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது கீழே தள்ளப்பட்டிருக்கும்.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. உடனே கழற்றி வைத்தால் மீட்பு மென்பொருள் கொண்டு பல நேரங்களில் திரும்ப எடுத்துவிடலாம். மேலே எழுதிவிட்டால் முடியாது. போலிக் கார்டில் பதியாமலே போன படத்தையோ யாராலும் மீட்க முடியாது.

கார்டு படங்களைச் சேமித்து வைக்கும் பீரோ அல்ல. வீட்டுக்குப் போனவுடன் கம்ப்யூட்டரில் ஒன்றும், தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் எடுத்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். நிறுவனத்தின் வாரண்டி என்பது புதுக் கார்டு தருவதற்குத்தான்; தொலைந்த படத்துக்கு அல்ல. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடையில் என்னென்ன வைக்கலாம்?

பழைய கேமராக்களுக்காக 32 ஜி.பி. எஸ்.டி.எச்.சி. கொஞ்சம், யு3 அல்லது வி30 அடையாளமுள்ள 64, 128 ஜி.பி. எஸ்.டி.எக்ஸ்.சி. அதிகமாக, டிரோன், கார் கேமராக்காரர்களுக்கு மைக்ரோ எஸ்.டி. கொஞ்சம். நாள் முழுதும் பதிவாகிக்கொண்டே இருக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் கார் கேமராவுக்கும் அதிக உழைப்புக்கென்றே செய்த தனி ரகம் உண்டு. அதையே கொடுக்க வேண்டும். 2 ஜி.பி. கார்டு கிடைத்தால் இரண்டு மூன்று வாங்கி வைக்கலாம். தேடி வருபவர் எங்கும் கிடைக்காமல்தான் நம்மிடம் வருவார். இவற்றோடு நல்ல கார்டு ரீடரும், நான்கு கார்டு வைக்கும் சிறு உறையும் இருந்தால் ஒரு தொடக்கநிலை வாடிக்கையாளருக்கு வேண்டியதெல்லாம் நம் கடையிலேயே முடிந்துவிடும்.

அண்ணாச்சி செய்தது

அந்த இருபது கார்டில் பதினொன்று விற்றுப்போயிருந்தன. மீதி ஒன்பதையும் நம் உறுப்பினர் அன்றே சோதித்தார். ஒன்பதும் போலி. மறுநாள் கடை வாசலில் ஒரு அட்டை எழுதி வைத்தார்: "இந்த மாதம் எங்களிடம் 128 ஜி.பி. கேமரா கார்டு வாங்கியவர்கள் தயவுசெய்து உடனே கொண்டு வரவும். புதுக் கார்டு மாற்றித் தரப்படும்." கைபேசி எண் தெரிந்தவர்களுக்கு அவரே போன் செய்தார். இப்படி அறிவித்தால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் தடுத்திருக்கிறார்கள். "கெட்டது கெட்டுப்போச்சு. இன்னொரு வீட்டு விசேஷமும் போகணுமா?" என்று கேட்டிருக்கிறார். மாணவருடையதையும் சேர்த்து எட்டுக் கார்டுகள் திரும்பி வந்தன. அதில் ஒன்றை வைத்திருந்தவர் அடுத்த வாரம் தன் தங்கை வளைகாப்புக்கு அதைக் கொண்டுபோக இருந்தவர். மூன்று கார்டுகள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை. அட்டை இன்னமும் கடை வாசலில் இருக்கிறது.

பெண் வீட்டுக்கு அவர் நேரில் போனார். முகூர்த்தத்துக்கு வந்திருந்த உறவினர்களின் செல்போன்களில் இருந்த படங்களை அந்த மாணவரோடு சேர்ந்து வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பாட்டியின் பேரன் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு இடையே எடுத்த படம். கொஞ்சம் ஆட்டம் வேறு. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அதையே போட்டார்கள். ஆல்பம் அச்சிட்ட செலவு அண்ணாச்சியுடையது.

இப்போது அவர் கடையில் கார்டு கேட்டால் அவர் முதலில் கேட்பது, "தம்பி, என்ன கேமரா?" என்பதுதான். பில் இல்லாமல் சரக்கு வாங்குவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று நாள் முழுதும் கார்டுகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. உறுப்பினர்கள் அனைவரும் தத்தம் கடையில் உள்ள கார்டு சரக்கை இந்த வாரமே ஒருமுறை சோதித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். போலி கண்டால் ஒளிக்காமல் சங்க அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பையோடு வந்தவர் அடுத்த ஊர்க் கடைக்குப் போவதற்குள் நாம் எல்லோருக்கும் சொல்லிவிடலாம்.